பணத்தை வாங்குபவர் ஒருவர், உரியவர் வேறொருவர்: நாமினி, வாரிசுச் சான்று, உயில், புரொபேட்

2025-ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் சொத்துரிமை தொடர்பாக இரண்டு மாற்றங்கள் வந்தன. நவம்பர் 1 முதல் வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் பதியலாம். டிசம்பரில், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் 213-ஆம் பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது. சென்னை போன்ற நகரங்களில் உயிலுக்குப் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதோடு போயிற்று.

இவற்றிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட முடிவுகள் இரண்டு. "பிள்ளைகள் எல்லாரையும் நாமினியாகப் போட்டுவிட்டால் உயில் தேவையில்லை." "உயில் இருந்தால் இனி கோர்ட் பக்கமே போகவேண்டாம்." இரண்டுமே தவறு. ஒவ்வொரு தாளும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

1. பணத்தை யாரிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீரும்? இதற்குப் பதில் நாமினி.
2. இறந்தவரின் நெருங்கிய உறவினர் யார் யார்? இதற்குப் பதில் தாசில்தார் தரும் வாரிசுச் சான்று.
3. இறந்தவருக்கு வரவேண்டிய தொகையை வசூலிக்கும் அதிகாரம் யாருக்கு? இதற்குப் பதில் நீதிமன்றம் தரும் சக்சஷன் சர்டிபிகேட்.
4. இந்த உயில் உண்மையிலேயே அவர் எழுதியதுதானா? இதற்குப் பதில் புரொபேட்.

குடும்பத்தில் எல்லாரும் கேட்பது ஐந்தாவது கேள்வி: யாருக்கு எவ்வளவு? மேலே உள்ள நான்கு தாள்களில் ஒன்றுகூட அதை முடிவு செய்வதில்லை. செல்லுபடியாகும் உயில் இருந்தால் உயிலும், இல்லாவிட்டால் இறந்தவரின் மதத்துக்குரிய வாரிசுரிமைச் சட்டமும்தான் அதை முடிவு செய்கின்றன.

ஒரே 12 லட்சம், மூன்று கணக்கு

உயில் எழுதாமல் ஒருவர் இறந்துவிடுகிறார். அவர் சம்பாதித்து வைத்த 12 லட்ச ரூபாய் வங்கியில் இருக்கிறது. வீட்டில் மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான தாய். தந்தை முன்பே காலமாகிவிட்டார்.

இறந்தவர் இந்து என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு 3 லட்சம். மகளுக்குத் திருமணம் ஆகியிருந்தாலும் இதில் மாற்றமில்லை. முதல் வகுப்புப் பட்டியலில் தாய் உண்டு, தந்தை இல்லை. பலருக்கும் இது வியப்பாக இருக்கும்.

இறந்தவர் கிறிஸ்தவர் என்றால் 1925-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 லட்சம். மீதி 8 லட்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருப்பதால் தாய்க்கு எதுவும் இல்லை.

முஸ்லிம் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, 1.5 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 2 லட்சம். மீதி 8.5 லட்சம் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மகனுக்கும் மகளுக்கும் போகும்: ஏறத்தாழ 5,66,667 ரூபாயும் 2,83,333 ரூபாயும்.

முதல் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். அந்தத் தாய், தன் 3 லட்சத்தைப் பற்றி எதுவும் எழுதி வைக்காமல் இரண்டு வருடம் கழித்து இறக்கிறார். அவருக்கு இன்னொரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள். இப்போது அந்த 3 லட்சம் மூன்றாகப் பிரியும்: உயிரோடு உள்ள மகனுக்கு 1 லட்சம், மகளுக்கு 1 லட்சம், முன்பே இறந்த மகனின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 1 லட்சம். மருமகளுக்கு இதில் பங்கு கிடையாது. ஆக, அண்ணன் சம்பாதித்த பணத்தில் தம்பிக்கும் தங்கைக்கும் பங்கு வந்துவிட்டது. சட்டம் எங்கும் தடம் புரளவில்லை. தாய் தன் பங்குக்கு உயில் எழுதாமல் விட்டதன் விளைவு இது. அந்த இடத்தில் வீடு இருந்திருந்தால், விற்கும்போது கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

பூர்வீகச் சொத்தின் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 25.03.1989 முதல், அன்றைக்குத் திருமணமாகாதிருந்த மகள்களுக்கும் பிறப்பால் பங்கு தரப்பட்டது. நாடு முழுவதற்கும் 09.09.2005-இல் வந்த மத்தியத் திருத்தம் திருமண வேறுபாட்டை எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. 20.12.2004-க்கு முன்பே முறைப்படி முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளைக் கிளற முடியாது.

நாமினி: வாங்கி வைத்திருப்பவர்

மேலே சொன்ன இந்துக் குடும்பத்தில் மகன் மட்டும் நாமினி என்று வைத்துக்கொள்வோம். வங்கி 12 லட்சத்தையும் மகன் கையில் கொடுக்கும். அப்படிக் கொடுப்பதில் தவறில்லை; அத்தோடு வங்கியின் பொறுப்பும் முடிந்தது. ஆனால் அதில் 9 லட்சம் மகனுடையதல்ல. கேட்பவர்களுக்குப் பிரித்துத் தராவிட்டால் அவர்மேல் வழக்குப் போடலாம்.

ஆயுள் காப்பீட்டில் இதை சர்பதி தேவி வழக்கில் 1984-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறுவனப் பங்குகளுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் இதே நிலைதான் என்று சக்தி யெஸ்தானி வழக்கில் 2023 டிசம்பரில் மறுபடியும் உறுதி செய்தது. நாமினி நியமனம் என்பது தனியாக ஒரு வாரிசுரிமை வழி ஆகாது என்பதே இந்தத் தீர்ப்புகளின் சாரம்.

விதிவிலக்கு காப்பீட்டில்தான். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் அவர்கள் பயனுரிமை உள்ள நாமினிகள், அதாவது பணம் அவர்களுக்கே உரியது என்று 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. இதற்கும் மற்ற வாரிசுகளின் உரிமைக்கும் மோதல் வந்தால் எது நிற்கும் என்பதில் உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஒரே திசையில் இல்லை. எனவே காப்பீட்டிலும் உயிலும் நாமினியும் ஒரே ஆளைச் சுட்டுவதே பத்திரம்.

புதிய வங்கி விதிப்படி வைப்புக் கணக்குக்கு நான்கு பேரை இரண்டு விதமாகப் பதியலாம். ஒன்று, ஒரே நேரத்தில் ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று. மொத்தம் 100 வரவேண்டும். மற்றது, முதலாமவர் இல்லாவிட்டால் இரண்டாமவர் என்ற வரிசையில். லாக்கருக்கு வரிசைமுறை மட்டும்தான் உண்டு. சதவீதம் போட்டு எழுதுவதால் அந்தப் படிவம் உயில் ஆகிவிடாது. யார் எவ்வளவு கையில் வாங்குவார்கள் என்பதைத்தான் அந்தச் சதவீதம் சொல்கிறது.

தாசில்தார் சான்றும் நீதிமன்றச் சான்றும்

வாரிசுச் சான்றுக்குத் தமிழ்நாட்டில் இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு தாசில்தார் வழங்குவார். குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, பட்டா மாறுதல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். இது உறவைச் சொல்லும் பட்டியல் மட்டுமே. யாருக்கு எத்தனை பங்கு என்று இதில் இருக்காது. பட்டியலில் தாயின் பெயரோ, இன்னொரு ஊரில் வாழும் மகளின் பெயரோ விட்டுப்போனாலும் அவர்களுடைய பங்கு விட்டுப்போகாது. சான்றை நம்பி வீட்டை வாங்கியவர்தான் பிறகு வழக்கில் மாட்டிக்கொள்வார்.

வங்கியில் நாமினி இல்லை, தொகையும் பெரியது, அல்லது வாரிசுகளுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் சக்சஷன் சர்டிபிகேட் கேட்பார்கள். 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 372-ஆம் பிரிவில் இதற்கு மனுப் போடவேண்டும். கடன்களுக்கும் பங்குப் பத்திரங்களுக்கும் மட்டுமே இது செல்லும். கடன் என்றால் இறந்தவர் வாங்கிய கடன் என்று குழப்பிக்கொள்ளக் கூடாது. அவருக்கு மற்றவர்கள் தரவேண்டியது. சட்டத்தின் கண்ணில் வங்கி வைப்பும் வங்கி தரவேண்டிய கடனே. வீடு, நிலம் எதுவும் இதில் வராது.

நடைமுறை இப்படி:

1. இறந்தவர் கடைசியாக வசித்த இடம் எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கே மனு. இறந்த தேதி, குடும்பத்தினர், எந்த உரிமையில் கேட்கிறார் என்பவை அதில் இருக்கவேண்டும்.
2. ஒவ்வொரு வைப்பும் ஒவ்வொரு பங்கும் தனித்தனியாக, கணக்கு எண், ஃபோலியோ எண் (பங்கு, ஃபண்டு முதலீட்டின் கணக்கு எண்), தொகையோடு அட்டவணையில்.
3. மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ், வழக்கமாகச் செய்தித்தாளில் விளம்பரம். ஆட்சேபம் வந்தால் விசாரணை.
4. தொகையின் அளவைப் பொறுத்து நீதிமன்றக் கட்டணம். சில நேரங்களில் பிணைப் பத்திரமும் கேட்பார்கள்.

பெரும்பாலும் கோளாறு இரண்டாவது படியில்தான். ஒரு ஃபோலியோ எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் நிறுவனம் சான்றைத் திருப்பி அனுப்பிவிடும். விட்டுப்போன சொத்தைச் சேர்க்க 376-ஆம் பிரிவில் மறுபடி மனுப் போட்டு, அதற்கும் கட்டணம் கட்டவேண்டும். ஆகவே மனு எழுதும் முன் பழைய வங்கி அறிக்கைகளையும் வருமான வரிக் கணக்குகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இந்தச் சான்று வாங்கியவரும் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அவருக்குப் பணம் கொடுத்தவர் தப்பித்தார், அவ்வளவுதான். பங்கு கேட்டு மற்றவர்கள் தனியாக வழக்குப் போட 387-ஆம் பிரிவு வழிவிடுகிறது.

உயில்: சாட்சிக் கையெழுத்தில் விழும் ஓட்டை

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலும் செல்லும். சட்டம் கறாராக இருப்பது கையெழுத்து விஷயத்தில். இந்து உயிலுக்கும் கிறிஸ்தவ உயிலுக்கும் 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்பவை:

1. எழுதுபவர் கையெழுத்தோ கைரேகையோ இடவேண்டும்.
2. குறைந்தது இரண்டு சாட்சிகள். அவர் கையெழுத்திட்டதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும். அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும்.
3. ஒவ்வொரு சாட்சியும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்கவேண்டும் என்பதில்லை.

நடப்பது என்ன? பெரியவர் வீட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார். மகன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் தெருமுனையில் நண்பர்கள் இருவரிடம் கையெழுத்து வாங்கி வருவார். தாளைப் பார்த்தால் குறையே தெரியாது. பதினைந்து வருடம் கழித்துக் கூண்டில் ஏறிய சாட்சியிடம் "அவர் கையெழுத்துப் போட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் உயில் கவிழ்ந்துவிடும்.

உயிலை நிரூபிக்கக் குறைந்தது ஒரு சாட்சியையாவது விசாரிக்க வேண்டும் என்பது பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023-இன் 67-ஆம் பிரிவு. பழைய சாட்சியச் சட்டத்தில் 68. மற்றப் பதிவுப் பத்திரங்களுக்கு, எதிர்த்தரப்பு மறுக்காதவரை, சாட்சியை அழைக்க வேண்டியதில்லை. அந்தச் சலுகை உயிலுக்கு மட்டும் இல்லை, பதிவு செய்திருந்தாலும் சரி. எனவே எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக, தேடினால் கிடைக்கக்கூடியவர்களாகச் சாட்சிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்பது வயதுக்காரர் உயிலுக்கு அவருடைய பால்ய நண்பர்களைச் சாட்சியாகப் போடுவது அன்பின் அடையாளம், சட்டத்துக்கு உதவாது.

உயிலால் பெரும்பயன் அடைபவரே அதைத் தயாரிக்க ஓடியாடியிருந்தால், நடுங்கிய கையெழுத்து இருந்தால், ஒரு பிள்ளையைக் காரணமே சொல்லாமல் ஒதுக்கியிருந்தால், அந்தச் சந்தேகங்களைத் தீர்க்கும் சுமை உயிலைக் கொண்டுவருபவர்மேல் விழும். 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. ஒதுக்குவதற்கு ஒரு வரியில் காரணம் எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

மதத்துக்கு மதம் சில வேறுபாடுகள் உண்டு. கிறிஸ்தவர் எழுதிய உயில், அவர் பிறகு திருமணம் செய்தால் ரத்தாகிவிடும். சாட்சிக்கோ சாட்சியின் துணைக்கோ எழுதிய சொத்தும் செல்லாது. இந்துக்களுக்கு இவ்விரண்டும் பொருந்தா. முஸ்லிம் ஒருவர், வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

தமிழ்நாட்டில் உயிலுக்குப் பதிலாக, உயிருடன் இருக்கும்போதே குடும்பத்தாருக்குச் சொத்தைக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதுவது அதிகம். அது பதிவானதும் உரிமை கைமாறிவிடும். உயிலைப் போல நினைத்தபோது மாற்ற முடியாது. தலைப்பில் செட்டில்மெண்ட் என்று போட்டிருந்தும் "என் ஆயுளுக்குப் பிறகே உனக்கு உரிமை" என்று உள்ளே எழுதியிருந்தால், நீதிமன்றம் அதை உயிலாகவே படிக்கக்கூடும். உரிமையை இன்றே கொடுத்து, அனுபவத்தை மட்டும் ஆயுள்வரை வைத்துக்கொண்டால் அது செட்டில்மெண்ட். பிள்ளை கவனிக்காமல் விட்டால் மூத்த குடிமக்கள் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தவருக்கு அது எளிது.

213 போனபின் புரொபேட் எதற்கு?

இந்தக் கட்டாயம் 1870-ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் (சிவில் வழக்குகளை அது நேரடியாக விசாரிக்கும் சென்னை நகரப் பகுதி) எழுதிய உயில்களுக்கும், அந்த எல்லைக்குள் உள்ள அசையாச் சொத்துக்கும்தான் பொருந்தியது. மதுரையில் உள்ள வீட்டுக்கு மதுரையிலேயே எழுதிய உயிலுக்கு அன்றும் புரொபேட் தேவைப்படவில்லை. முஸ்லிம்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தியதில்லை. கிறிஸ்தவர்களுக்கு 2002-இலேயே விலக்குத் தரப்பட்டது. ஆக மாற்றத்தின் பயன் சென்னைக்காரர்களுக்கே. மற்ற மாவட்டங்களில் நிலைமை பழையபடிதான்.

கட்டாயம் போனதே தவிர புரொபேட் போகவில்லை. விரும்பியவர் இன்றும் கேட்கலாம். கேட்பது நல்லது என்று சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. சிவில் வழக்கில் உயில் நிரூபணமானால் அந்த வழக்கின் தரப்பினரை மட்டுமே அது கட்டுப்படுத்தும். புரொபேட் எல்லாரையும் கட்டுப்படுத்தும். அதைவிட முக்கியமான காரணம் சாட்சியின் ஆயுள். இன்று புரொபேட் வாங்கினால் சாட்சி இன்றே சொல்லிவிடுவார். பத்து வருடம் கழித்துத் தம்பி வழக்குப் போடும்போது அந்தச் சாட்சி இருப்பாரா? சண்டைக்கு வாய்ப்பே இல்லாத, எல்லா வாரிசுகளும் ஒப்புக்கொண்ட உயிலுக்கு இந்தச் செலவு வீண். ஒருவராவது முகம் சுளித்தால் வாங்கி வைப்பதே மேல்.

உயிலில் நிறைவேற்றுநர் (உயிலில் உள்ளபடி செய்து முடிக்கும் பொறுப்பாளர்) என்று பெயர் குறிப்பிட்டவர் மட்டுமே புரொபேட் கேட்கமுடியும். அப்படி யாரும் இல்லையென்றால் உயில் இணைத்த நிர்வாகப் பத்திரம் (சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) கேட்கவேண்டும். இறந்து 7 நாள் முடியாமல் புரொபேட்டும், 14 நாள் முடியாமல் நிர்வாகப் பத்திரமும் கிடைக்காது. யாராவது கேவியட் (தன்னைக் கேட்காமல் உத்தரவு தரக்கூடாது என்ற மனு) போட்டு எதிர்த்தால் மனு, வழக்காக மாறிவிடும். இந்த நீதிமன்றம் உயில் உண்மையா என்பதை மட்டுமே பார்க்கும். எழுதி வைத்த வீடு அவருடையதுதானா என்ற கேள்வி அங்கே எழாது. பூர்வீகச் சொத்தைத் தனிச்சொத்து என்று எழுதிவிட்டாரா என்பதற்கு வேறு வழக்குத்தான்.

பங்குக்கு முன் கடன்

இந்தியாவில் இறந்தவரின் சொத்துமேல் விதித்த எஸ்டேட் வரி 1985-இல் ஒழிந்தது. வாரிசாகப் பெறுவதற்கு இப்போது வரி இல்லை. ஆனால் நிறைவேற்றுநர் முதலில் இறுதிச் சடங்கு, கடைசி ஒரு மாத மருத்துவச் செலவு, பிறகு நீதிமன்றச் செலவு, அடுத்து வேலையாட்களின் கடைசி மூன்று மாதச் சம்பளம், அதற்குப்பின் மற்றக் கடன்கள் என்ற வரிசையில் தீர்த்துவிட்டே உயிலில் உள்ளவர்களுக்குத் தரவேண்டும். இறந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை அவரை யாரும் நெருக்க முடியாது. வாரிசுகள் இறந்தவரின் கடனுக்குப் பொறுப்பாவது தங்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான். அப்பா பட்ட கடனை மகன் தன் சம்பளத்திலிருந்து கட்டவேண்டும் என்று மிரட்டும் வசூல்காரருக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை, மகன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலொழிய.

டிரஸ்ட் எப்போது?

வாரிசுக்குச் சொத்தைக் கையாள முடியாது என்ற நிலையில்தான் தனியார் டிரஸ்டுக்கு வேலை வருகிறது: மைனர் பேரன், மனவளர்ச்சி குன்றிய மகள், கைக்கு வந்ததைக் கரைத்துவிடும் மகன். இந்திய டிரஸ்டுகள் சட்டம் 1882-இன்படி இதில் மூன்று பேர்: சொத்தைத் தருபவர், பெயரில் வைத்து நிர்வகிக்கும் டிரஸ்டி, பயனாளி. கோயில், பள்ளி போன்ற பொது நோக்கங்களுக்கான அறக்கட்டளைகள் இந்தச் சட்டத்தில் வரமாட்டா. பெரும்பாலும் கெட்டுப்போகும் இடங்கள் இவை:

1. "என் மகளை நன்றாகப் பார்த்துக்கொள்வாய் என்று நம்பி இந்த வீட்டைத் தருகிறேன்" என்று எழுதுவது. இது ஆசை, டிரஸ்ட் ஆகாமல் போகக்கூடும். எந்தச் சொத்து, யாருக்கு, எதற்காக என்பது ஐயத்துக்கு இடமின்றி இருக்கவேண்டும்.
2. பத்திரத்தைப் பதியாமல் விடுவது. உயிருடன் இருக்கும்போதே நிலத்தையோ வீட்டையோ டிரஸ்டில் வைக்கப் பதிவு கட்டாயம். உயில் வழியாகவும் செய்யலாம்.
3. பத்திரம் எழுதிவிட்டு வங்கிக் கணக்கையும் பங்குகளையும் தன் பெயரிலேயே விட்டுவிடுவது. டிரஸ்டி கைக்கு மாறாத சொத்து டிரஸ்டில் இல்லை.
4. ஒரே டிரஸ்டியை நியமித்து, அவருக்குப் பின் யார் என்று எழுதாமல் விடுவது. டிரஸ்டி இறந்தால் நீதிமன்றம் போகவேண்டியிருக்கும். டிரஸ்டி தன் லாபத்துக்கு அந்தச் சொத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், சொத்தின்மேல் கண் உள்ள உறவினரைத் தவிர்ப்பது நல்லது.
5. பயனாளியின் காலத்துக்குப் பிறகு மீதி யாருக்கு என்று சொல்லாமல் விடுவது. அப்படி விட்டால், 83-ஆம் பிரிவின்படி மிச்சச் சொத்து டிரஸ்ட் எழுதியவருக்கோ அவருடைய சட்டபூர்வ வாரிசுகளுக்கோ திரும்பும். நாற்பது வருடம் கழித்து யாரோ ஒரு பேரப்பிள்ளை, தான் பார்த்தேயிராத கொள்ளுத்தாத்தாவின் வாரிசுகளைத் தேடித் தாசில்தார் அலுவலகத்தில் மனுப் போட்டுக்கொண்டு நிற்பார்.